பழைய கொதிகலனும் புதிய சக்கரங்களும்

ஜப்பானில், ஒசாகாவுக்கு அருகே, கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஆறு ஆண்டுகள் பணிபுரிந்தேன். இரண்டாம் ஆண்டில், பழைய கொதிகலன் ஒன்றைக் கழற்றி வேறொரு சட்டத்தில் ஏற்றும் வேலைக்கான ஆய்வுப் படிவத்தை நிரப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லா இடங்களிலும் தடிமனை அளக்காமல், எட்டாத இடங்களுக்கு மூல வரைபடத்தில் இருந்த 12 மி.மீ. என்ற எண்ணையே எழுதிக் கையெழுத்திட்டேன். என் மேற்பார்வையாளரான மூத்த பொறியாளர் படிவத்தைப் பார்த்துவிட்டு, அடிப்பக்கத்தில் தகடுகள் சேரும் மூட்டுப் பகுதியை மட்டும் மீண்டும் அளந்து வரும்படி கூறினார். கருவி 9 என்று காட்டியது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கியோட்டோவுக்கு வரச் சொன்னார்.

அங்கே உமெகோஜி என்னும் இடத்தில், ரயில் எஞ்சின்களை நிறுத்த 1914இல் கட்டப்பட்ட வட்டக் கொட்டகையில், சி62 என்ற ஜப்பானிய நீராவி ரயில் எஞ்சின் வகையின் 2ஆம் எண் எஞ்சின் நீராவி விட்டபடி நின்றிருந்தது. புகைத் தடுப்புத் தகட்டில் துருப்பிடிக்காத எஃகாலான தகைவிலான் குருவி இறகு விரித்திருந்தது. ‘த்சுபமே’, அதாவது தகைவிலான் குருவி, என்பது இவ்வகை எஞ்சின்கள் இழுத்த புகழ்பெற்ற விரைவு ரயிலின் பெயர். இந்த எஞ்சின் புதிதாகப் பிறந்ததன்று என்று அவர் சொன்னபோதுதான் என்னை ஏன் அழைத்து வந்தார் என்பது புரியத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சரக்கு ஏற்றுவதற்காக டி52 வகையில் 285 எஞ்சின்கள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் சரக்கு குறைந்து அவை மிகுதியாயின. பயணிகளோ பெட்டிகளில் பிதுங்கி வழிந்தார்கள். புதிய பயணிகள் எஞ்சின்களைக் கட்டுவதற்கு போருக்குப்பின் ஜப்பானை ஆண்ட நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் இசையாத நிலையில், இருப்பவற்றை மாற்றியமைக்கிறோம் என்ற பெயரில் வழி கண்டார்கள். டி52இன் பெரிய கொதிகலனை எடுத்து, 1,400 மி.மீ. விட்டமுள்ள நான்கு இணை இயக்குச் சக்கரங்களுக்குப் பதிலாக, 1,750 மி.மீ. விட்டமுள்ள மூன்று இணைகளைக் கொண்ட புதிய சட்டத்தின் மேல் அமர்த்தினார்கள். அந்த எடை தண்டவாளத்தை நசுக்காமல் பரவ வேண்டும் என்பதால் பின்புறம் இரண்டு அச்சுகள் கொண்ட தாங்கிவண்டி சேர்ந்தது. அவ்வளவு பெரிய தீயறைக்கு மண்வெட்டியால் நிலக்கரி அள்ளிப் போட்டு மாளாது என்பதால் இயந்திர ஊட்டியும் வந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளில் 49 சி62 எஞ்சின்கள் இவ்வாறு உருவாயின.

ஆனால் மூத்தவர் நீண்ட நேரம் பேசியது சக்கரங்களைப் பற்றியன்று. போர்க்கால நெருக்கடியில் தரம் குறைந்த பொருளாலும் அவசர வேலைப்பாட்டாலும் உருவான டி52 கொதிகலன்கள் சில வெடித்திருக்கின்றன. மேலே ‘மறுசீரமைப்பு’ என்று எழுதிவிட்டால் உள்ளிருக்கும் இரும்பு திருந்திவிடாது. பின்னாளில் பல எஞ்சின்களுக்குப் புதிய கொதிகலன்களைப் பொருத்த வேண்டியிருந்தது. பழைய பொருளைப் பயன்படுத்துவதை அவர் ஒருபோதும் குறைவாகக் கருதியதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பவன் அந்தப் பொருளைக் கையால் தொட்டு அறிந்திருக்க வேண்டும் என்பதே அவர் கொண்டிருந்த உறுதி. என் படிவத்தைப் பற்றி அன்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானாகவே மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பின் வடிவமைப்பாளர்களின் துணிவை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். 1954 டிசம்பர் 15 அன்று, இதே வகையின் 17ஆம் எண் எஞ்சின் கிசோ ஆற்றுப் பாலத்தில் நடந்த சோதனையில் மணிக்கு 129 கி.மீ. வேகத்தைத் தொட்டது, 1,067 மி.மீ. அகலமே உள்ள குறுகிய பாதையில் நீராவி எஞ்சின் ஒன்று எட்டிய பெருவேகம் அது. சரக்கு வண்டிக்கு என்று வகுத்த கொதிகலனிலிருந்து அந்த வேகத்தை வரவழைத்தவர்கள் வரைபடத்தை மட்டும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றே நான் எண்ணுகிறேன். டோக்கியோவையும் கோபேயையும் இணைக்கும் தோக்கைடோ பாதை 1956இல் முழுவதும் மின்மயமானபின் இவ்வகை எஞ்சின்கள் வேறு பாதைகளுக்குச் சென்றன. சில ஹொக்கைடோவின் ஏற்றங்களில் இரண்டிரண்டாக இணைந்து 1971 வரை விரைவு ரயில்களை இழுத்தன.

அந்த 17ஆம் எண் எஞ்சின் இப்போது நகோயா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பணி ஓய்வுக்குமுன் மூத்தவருடன் ஒருமுறை அங்கும் போனேன். பார்வையாளர்கள் எல்லோரும் அந்த உயரமான சக்கரங்களின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் கொதிகலனின் அடிப்பக்க மூட்டுப் பகுதியைத் தேடினோம். வெப்பக் காப்புத் தகடு போர்த்தியிருந்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.