எழுதினவர் பக்கம் உக்காந்திருந்த அஞ்சு வருஷம்

டெல்லில ஒரு லிட்ரரி ஏஜென்ட் ஆபீஸ்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தேன். லாஜ்பத் நகர்ல மாடில ரெண்டு ரூம், மேடம், நான், கணக்கு பாக்க வாரத்துல ரெண்டு நாள் வர்ற ஒரு பெரியவர், அவ்ளோதான் ஆபீஸே. இங்கிலீஷ்ல எழுதறவங்கதான் எங்ககிட்ட வருவாங்க. ஊருக்கு வந்தா அத்தை, சித்தி எல்லாம் "புக்கு அச்சடிக்கிற வேலையா, விக்கிற வேலையா"ன்னு கேப்பாங்க. ரெண்டும் இல்ல. எழுதினவருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவுல நிக்கிற வேலை, ஆனா எப்பவும் எழுதினவர் பக்கமா.

ஒரு லெட்டர், கதைச்சுருக்கம், முதல் மூணு அத்தியாயம், இப்படித்தான் மெயில்ல வரும், அதைப் படிச்சுப் பிரிக்கிறது என் பொறுப்பு. ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஒருத்தர் நாவல் அனுப்பியிருந்தார், முதல் ரெண்டு அத்தியாயமும் ஊர் வரலாறாவே ஓடுச்சு, நான் வேணாம்னு எடுத்து வெச்சுட்டேன். மேடம் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் என் மேஜைல மூணாவது அத்தியாயம் மட்டும் இருந்துச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு கூட்ஸை அனுப்பிட்டு வந்தவர் செத்துப்போன பொண்டாட்டியோட டிபன் கேரியரைக் கழுவி, துடைச்சு, காலியாவே மூடி வைக்கிற இடம், அதுக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு, "இங்கதான் ஆரம்பிக்குது"ன்னு. அன்னைக்கு நான் கத்துக்கிட்டதை எந்தப் படிப்பும் எனக்குத் தரல.

ஏழு மாசம் அவரோட உக்காந்து திருத்தினோம். அந்த ஏழு மாசமும் எங்களுக்கு ஒரு பைசா கிடையாது, ஏன்னா எழுத்தாளருக்குக் காசு வந்தாதான் ஏஜென்ட்டுக்கு வரும், அதுல பொதுவா 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை வித்தா 20 வரைக்கும். 1870கள்ல லண்டன்ல இந்தத் தொழிலைத் தொடங்கி வெச்ச ஏ. பி. வாட் 10 சதவீதம் வாங்கினார், கணக்கு இன்னும் அதே வழிதான். உங்க எழுத்தைப் படிக்கவே ஃபீஸ் கேக்கறாங்கன்னா தயவுசெஞ்சு எழுந்து வந்துருங்க.

அப்புறம் எந்த எடிட்டருக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும்னு யோசிச்சு 11 இடத்துக்கு அனுப்பினோம். ஒன்பது பேர் வேணாம்னாங்க. ஒவ்வொரு தடவையும் மேடமே போன் பண்ணி அவர்கிட்ட சொல்வாங்க, மெயில் மட்டும் அனுப்பிட்டு விட்டதே இல்ல.

பத்தாவது பதிப்பகம் ஓகே சொல்லி கான்ட்ராக்ட் வந்தப்பதான் உண்மையான வேலையே ஆரம்பிச்சுது. ராயல்டி, அதாவது விக்கிற ஒவ்வொரு புக்குக்கும் எழுதினவருக்கு வர்ற பங்கு, ஏழரை சதவீதம்னு போட்டிருந்துச்சு, சரிதானேன்னு நான் நினைச்சேன், மேடம் அதுக்கு அடுத்த வார்த்தையைக் காட்டினாங்க. புக்கோட அச்சடிச்ச விலைல ஏழரையா, இல்ல கடைக்காரங்க கழிவு போக பதிப்பகத்துக்கு வந்து சேர்ற தொகைல ஏழரையா? 400 ரூபாய் புக்குக்கு முதல் வழில 30 ரூபாய், பாதி விலைக்குக் கடைக்குப் போச்சுன்னா ரெண்டாவது வழில 15தான். ஒரு வார்த்தைதான், அவரோட காசு பாதியாயிடும். சினிமா உரிமை, மத்த மொழி உரிமை, ஆடியோ எல்லாத்தையும் பதிப்பகத்துக்காரங்க தங்களுக்குன்னு சேத்து எழுதியிருந்தாங்க, மேடம் அதெல்லாம் அடிச்சுட்டாங்க. அடுத்த நாவலையும் அவங்களுக்கே முதல்ல காட்டணும்னு ஒரு வரி, அதையும். புக் ஸ்டாக் தீந்து மறுபடி அடிக்கலன்னா உரிமை எழுதினவருக்கே திரும்பணும்னு புதுசா ஒரு வரி சேத்தாங்க. மூணு வாரம் மெயில் போச்சு வந்துச்சு, கடைசில கையெழுத்தாச்சு.

வேலையை விட்டு கும்பகோணம் வந்தப்புறம் எங்க தெரு தமிழ் வாத்தியார் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தார். 1998ல அவர் நாவலுக்குப் பதிப்பகத்துக்காரங்க போட்ட ஒப்பந்தம், ஒரே பக்கம், எல்லா உரிமையும் அவங்களுக்கேன்னு, எத்தனை வருஷத்துக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. ரெண்டாம் பதிப்பு வரவே இல்லையாம், வேற எடத்துல கேட்டா உரிமை அங்க இருக்கேன்னு சொல்லிடறாங்களாம். தமிழ்ல எழுதறவங்களுக்கு இந்த மாதிரி ஒரு பக்கத்தைக் கூட உக்காந்து படிச்சுச் சொல்ல ஆள் இல்லாதது எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, இத்தனை வருஷமா அவர் நாவல் சும்மா கிடந்திருக்கு.

1957 காப்பிரைட் சட்டத்துல 19-வது பிரிவு, உரிமையை எழுதிக் குடுக்கும்போது காலம் சொல்லலன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கணும். தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டினோம், அவரும் பேப்பரை ரெண்டு தடவை படிச்சுட்டு அதையேதான் சொன்னார். திரும்பி வர்ற வழில சார் ஒண்ணுமே பேசல. வீட்டு வாசல் வந்ததும் நின்னு, "அப்போ அது 2003லயே என்கிட்ட வந்துடுச்சாம்மா?"ன்னார்.

"ஆமா சார், வந்துடுச்சு"ன்னேன். அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டு உள்ள போனார்.