ஒன்பது வருடம் கழித்து முன் பிரேக்கைத் தொட்டேன்

2015 ஜூன் மாதம், ஒரு சாயங்காலம். மேலூரிலிருந்து மதுரைப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். ஒத்தக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், நான்கு வழிச்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டில் இறங்கும் வளைவில் லாரி சிந்திவிட்டுப் போன மணல் கிடந்தது. வண்டி சாய்ந்திருக்கும்போதே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்துவிட்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது தார் ரோட்டின் சூடுதான். இடது காறை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். ஸ்பிளெண்டர் வீட்டுச் சந்தில் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. அப்புறம் ஒன்பது வருடம் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்தான்.

2024-இல் மகள் ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். ஒத்தக்கடையில் காலை 6 மணிக்கு இயற்பியல் டியூஷன். எங்கள் ஊர் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முதல் பஸ்ஸே 6.40-க்குத்தான். ஒரு ராத்திரி போய்த் தார்ப்பாயை விலக்கினேன். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “வேற வழி பார்க்கலாமேங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். டேங்கில் பெட்ரோல் கெட்டு வேறு வாடை அடித்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பேட்டரி, பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் எல்லாம் மாற்றினார். டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது, அதை மட்டும் விட்டுவிடலாம் என்றேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினார்: 3210. “2010-இல் 32-ஆவது வாரம் செஞ்சது தம்பி. ரப்பர் கல்லாயிடுச்சு, நகத்தால அழுத்திப் பாருங்க.” அழுத்தினேன். நகம்தான் வலித்தது. இரண்டு டயரும் புதிது போட்டோம். இன்சூரன்ஸையும் புதுப்பித்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே பிளாட் போட்டு, விற்காமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. நல்ல தார் ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது. தினமும் விடிந்ததும் அங்கே போனேன். முதல் நாள் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்ச்சை மட்டும் மெல்ல விட்டு ஊர்ந்தேன். எங்கே எஞ்சின் பிடிக்கிறது, எங்கே விடுகிறது என்பதை இடது கை மறந்தே போயிருந்தது. மூன்று தடவை அணைந்துபோனது. நான்காம் நாள் செங்கல் வைத்து எட்டு போட்டேன். செங்கல்லைப் பார்த்தால் செங்கல்லில்தான் போய் ஏறுகிறது. போக வேண்டிய பக்கம் தலையைத் திருப்பினால் வண்டி தானாகத் திரும்பியது.

இதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. முன் பிரேக்தான் முடியவில்லை. வலது கை விரல்கள் லிவரைத் தொட்டதும் விறைத்துக்கொண்டன. பின் பிரேக்கை மட்டும் மிதித்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன்தானே.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணன் அங்கே வந்தார். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். 40-இல் வந்து, கோட்டில் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னார். பின் சக்கரம் ஆடிக்கொண்டே போய் நின்றது. தப்படி போட்டு அளந்தோம்: 23 தப்படி. “இப்ப ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. பிரேக் பிடிச்சா பாரமெல்லாம் முன்னாடி வந்திரும்; அழுத்தம் வாங்குற சக்கரம்தான் ரோட்டைக் கவ்வும். நீங்க பால் கறந்திருக்கீங்கல்ல? வெடுக்குன்னு இழுத்தா மாடு உதைக்கும். விரல் ஒண்ணு ஒண்ணா இறுகணும், அவ்வளவுதான்.”

கறந்திருக்கிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து கறந்திருக்கிறேன். அந்தச் சொல் நேராக விரலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு விரலால் லிவரைத் தொட்டு, பிரேக் பிடிப்பதற்கு முன் லிவரில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியை வாங்கி, முன் சக்கரத்து ஸ்பிரிங் போர்க் அமுங்குவதைக் கையில் உணர்ந்து, அப்புறம் இறுக்கினேன். வண்டி நேராக நின்றது. 15 தப்படி. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண் கலங்கியிருந்தது, அண்ணன் பார்க்க வேண்டாம் என்று. அந்தக் காலை முப்பது தடவையாவது பிடித்திருப்பேன்.

வளைவில் நான் செய்த தப்பும் அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. பிரேக் எல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். சாய்ந்த வண்டியில், அதுவும் மணல் மேல், முன் சக்கரத்துக்குப் பிடிமானமே மிச்சம் இருக்காது.

பின்னால் ஆள் இருந்தால் எப்படி என்ற கவலை இருந்தது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பின் சீட்டில் கட்டி, பின் டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி, நான்கு நாள் ஓட்டினேன். அடுத்து மனைவியை ஏற்றிக்கொண்டு யானைமலை அடிவாரம் வரை போய் வந்தேன். போகும்போது தோளை இறுக்கிப் பிடித்திருந்தவள், வரும்போது கையை மடியில் வைத்திருந்தாள்.

ஜூலை இரண்டாவது வாரம் மகளுடன் முதல் டியூஷன் பயணம். இருவருக்கும் ஹெல்மெட். பழைய வளைவு அதே இடத்தில்தான் இருந்தது, மணலும் கிடந்தது. அதற்கு முன்பே, நேர் ரோட்டிலேயே 20-க்கு இறக்கியிருந்தேன். இரண்டு விரல்கள் லிவர் மேல் சும்மா கிடக்க, பார்வையை சர்வீஸ் ரோட்டின் கடைசியில் வைத்துக்கொண்டு மணலைக் கடந்தேன். பின்னால் மகள் நியூட்டனின் மூன்றாம் விதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு டெஸ்ட்.