ஃபினைல்அலனின் இறங்கினால் மட்டும் போதாது

பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தப்பொட்டில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் லிட்டருக்கு 120 மைக்ரோமோலைத் தாண்டினால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பீகேயூ, அதாவது அந்த அமிலத்தை மாற்றும் நொதி கெட்டு வரும் பிறவி நோய். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு நொதியில் கோளாறு இருக்காது. அந்த நொதிக்குத் துணைநிற்கும் டெட்ராஹைட்ரோபயாப்டெரின், சுருக்கமாக பிஎச்4, இருக்காது. ஃபினைல்அலனின் குறைந்த பால்மாவுக்கு மாற்றினால் இவர்களுக்கும் ஃபினைல்அலனின் அழகாக இறங்கும், அறிக்கை பார்க்க நிம்மதியாக இருக்கும். குழந்தைக்கோ சில மாதங்களில் உடல் துவளும், எச்சில் ஒழுகும், கண்கள் மேலே செருகும். மூளையில் செய்தி கடத்தும் டோபமினைத் தொடங்கிவைக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸும் செரட்டோனினைத் தொடங்கிவைக்கும் டிரிப்டோஃபேன் ஹைட்ராக்சிலேஸும் இதே பிஎச்4-ஐ நம்பித்தான் இயங்குகின்றன. உணவுக் கட்டுப்பாடு அந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

பிஎச்4 டெரின் என்ற வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தது.

உடலில் பிஎச்4 ஜிடிபி என்ற மூலக்கூறிலிருந்து மூன்று படிகளில், படிக்கு ஒரு நொதியால், உருவாகிறது. ஜிடிபி சைக்ளோஹைட்ரோலேஸ் முதல் படி, பிடிபிஎஸ் இரண்டாவது, செப்பியாப்டெரின் ரிடக்டேஸ் மூன்றாவது. ஒருமுறை வேலை செய்த பிஎச்4 ஆக்சிஜனை ஏற்று உருமாறிவிடும். பிசிடி நொதி அதிலிருந்து நீரை நீக்க, டிஎச்பிஆர் என்ற இன்னொரு நொதி அதை என்ஏடிஎச் என்ற துணைப்பொருளைக் கொண்டு மறுபடி பிஎச்4 ஆக்குகிறது. டிஎச்பிஆர் இல்லையென்றால் நடுவழிப் பொருள் 7,8-டைஹைட்ரோபயாப்டெரினாகத் தேங்கும். அதில் ஒரு பகுதியை மீட்பது ஃபோலேட்டுக்கான டிஎச்எஃப்ஆர் நொதி. இந்தக் குழந்தைகளுக்கு அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளான மெத்தோட்ரெக்சேட், டிரைமெத்தோபிரிம் இரண்டும் ஆகாது என்பது இதனால்தான்.

ஆகவே ஃபினைல்அலனின் கூடிய ஒவ்வொரு குழந்தைக்கும், அளவு எவ்வளவு லேசாக இருந்தாலும், இரண்டு சோதனைகள் கட்டாயம்: டெரின் பகுப்பாய்வு (நியோப்டெரின், பயாப்டெரின் என்ற இரண்டு டெரின்களின் அளவு), ரத்தப்பொட்டில் டிஎச்பிஆர் செயல்திறன். தவறு அதிகம் நடப்பது மாதிரி எடுப்பதில். ஆக்சிஜனேற்றம் அடையாத டெரின்கள் வெளிச்சத்திலும் காற்றிலும் சிதைந்துபோகும். சிறுநீரை இருண்ட குப்பியிலோ அலுமினியத் தாள் சுற்றியோ பிடித்து, ஆய்வகம் சொல்லும் அளவு அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, உடனே உறையவைக்க வேண்டும். மேசைமேல் அரைநாள் கிடந்த மாதிரியில் பயாப்டெரின் குறைவு என்று வந்தால் அதை நோய் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. டிஎச்பிஆர் அளவு சிவப்பணுவிலிருந்து வருவதால், ரத்தம் ஏற்றிய குழந்தைக்குக் கிடைக்கும் எண் ரத்தம் கொடுத்தவருடையதாக இருக்கலாம்.

முடிவைப் படிப்பது அவ்வளவு கடினமல்ல. நியோப்டெரின் ஏறி பயாப்டெரின் மிகக் குறைந்திருந்தால், அதாவது இரண்டின் கூட்டுத்தொகையில் பயாப்டெரின் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தால், பிடிபிஎஸ் குறைபாடு. இந்தக் குடும்பத்தில் அதிகம் காணப்படுவதும் அதுவே. இரண்டுமே குறைவு என்றால் சைக்ளோஹைட்ரோலேஸ். பிரிமாப்டெரின் என்ற வேறொரு டெரின் தென்பட்டால் பிசிடி குறைபாடு, பொதுவாக மென்மையானது. டிஎச்பிஆர்தான் ஏமாற்றும்: பயாப்டெரின் ஏறியிருப்பது வழக்கம், ஆனால் டெரின் அளவுகள் இயல்பாகவே வந்துவிடுவதும் உண்டு. டெரின் அறிக்கையை மட்டும் பார்த்துக் கோப்பை மூடக் கூடாது. இன்னொன்று, தொற்று இருக்கும் குழந்தைக்கு நோயெதிர்ப்பு அணுக்களாலேயே நியோப்டெரின் உயரும். அப்போது பயாப்டெரின் விகிதத்தோடு அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிஎச்4-இன் மருந்து வடிவமான சாப்ரோப்டெரின் கொடுத்துப் பார்க்கும் சோதனை உண்டு: கிலோவுக்கு 20 மில்லிகிராம், பிறகு 4, 8, 24 மணி நேரத்தில் ரத்தம். டெரினுக்கான சிறுநீரை மருந்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் அளப்பது கொடுத்த மருந்தைத்தான். ஃபினைல்அலனின் இறங்குவதால் மட்டும் பிஎச்4 குறைபாடு உறுதியாகாது. சில பீகேயூ குழந்தைகளுக்கும் இறங்கும்.

சாப்ரோப்டெரின் மூளைக்குள் சரியாகப் புகாது. அதனால் கடுமையான பிடிபிஎஸ் குறைபாட்டில் டோபமினாக மாறும் லெவோடோபாவும் அதற்குத் துணையான கார்பிடோபாவும், கூடவே செரட்டோனினாக மாறும் 5-ஹைட்ராக்சிடிரிப்டோஃபேனும் வேண்டும். லெவோடோபாவை நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராமில், பல வேளையாகப் பிரித்துத் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் கைகால்கள் தாமாக ஆடத் தொடங்கும், தூக்கமும் கெடும். டோபமின் அடக்கிவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் உயர்ந்தே இருந்தால் டோபமின் இன்னும் போதவில்லை என்பதற்கு அது ஒரு குறிப்பு. டிஎச்பிஆர் குறைபாட்டில் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஃபோலேட்டும் சரியும். அங்கே தருவது ஃபோலினிக் அமிலம், அதன் இடத்தில் ஃபோலிக் அமிலம் உதவாது.

இந்தச் சல்லடையில் சிக்காத இரண்டு உண்டு. செப்பியாப்டெரின் ரிடக்டேஸ் குறைபாட்டிலும், சைக்ளோஹைட்ரோலேஸ் மரபணுவின் ஒரே பிரதி கெட்டு வரும் செகாவா நோயிலும் ரத்த ஃபினைல்அலனின் இயல்பாகவே இருக்கும், பிறந்தபோது எடுத்த ரத்தப்பொட்டு எதையும் காட்டாது. வழி தண்டுவடத் திரவமும் மரபணுச் சோதனையும்தான். திரவத்தை எண்ணிட்ட குழாய்களில் வரிசை மாறாமல் பிடித்துப் படுக்கையருகிலேயே உறையவைக்க வேண்டும், ஏனெனில் முதல் துளிக்கும் கடைசித் துளிக்கும் டோபமின் வளர்சிதைப் பொருளின் அளவு வேறு. காலையில் ஓரளவு நன்றாக நடந்து மாலையில் கால் இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, சிறிய அளவு லெவோடோபாவைக் கொடுத்துப் பார்க்காமல் பெருமூளை வாதம் என்று எழுதிவிட வேண்டாம்.