செங்டூவில் வெயில் கணக்கு

சீனாவின் செங்டூ நகரில் குளிர்காலத்தில் சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். செங்டூ இருக்கும் சிச்சுவான் மாகாணத்து நாய்கள் வெயிலைக் கண்டால் குரைக்கும் என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. அந்த ஊரில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த வேலை, வெயிலைக் கணக்கிடுவது.

செங்டூ போன்ற பெருநகரங்களில் கட்டும் புது வீடுகளுக்கு, சீன நாட்காட்டியில் ஜனவரி 20-ஐ ஒட்டி வரும் ‘பெருங்குளிர்’ நாளில் குறைந்தது 2 மணி நேர வெயில் விழ வேண்டும் என்பது தேசிய விதி. பழைய பகுதியைப் புதுப்பிக்கும் திட்டமென்றால் 1 மணி நேரம் வரை இறங்கலாம். மேகமெல்லாம் கணக்கில் வராது. தெற்கே நாம் ஒரு கோபுரம் எழுப்பினால் வடக்கே இருக்கும் வீட்டு ஜன்னலில் எவ்வளவு நேரம் நிழல் விழும் என்று கணினி வண்ணம் தீட்டிக் காட்டிவிடும். சிவப்பு வந்தால் கோபுரத்தை நகர்த்த வேண்டும், இல்லை உயரத்தைக் குறைக்க வேண்டும்.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஸ்டீவன் ஹோல் வடிவமைத்து 2012-இல் முடிந்த ராஃபிள்ஸ் சிட்டி வளாகத்தின் கோணல்மாணலான வெட்டுகள், பார்ப்பவருக்குக் கலைஞரின் விளையாட்டாகத் தோன்றும். உண்மையில் சுற்றியுள்ள வீடுகளுக்கு வெயில் போகட்டும் என்று விட்ட வழிகள் அவை. எனக்கு அந்த நகரில் மிகவும் பிடித்த கட்டடம் அதுதான்.

கடை, அலுவலகம், வீடு மூன்றும் சேர்ந்த வளாகங்களில் இதற்கொரு குறுக்குவழியும் உண்டு. அரசிடமிருந்து பெறும் குடியிருப்பு நிலத்தின் குத்தகை 70 ஆண்டு, வணிக நிலத்துக்கு 40. வணிக நிலத்தில் கட்டும் ‘அபார்ட்மென்ட்’ சட்டப்படி வீடு அல்ல. ஆகவே வீட்டுக்கான வெயில் விதி அதற்குக் கிடையாது. உள்ளே கட்டில், அடுப்பு, குழந்தை எல்லாம் இருக்கும். ஆனாலும் வரைபடத்தில் அந்த அறைக்கு வேறு பெயர். நிழல் மிகுந்த மூலையில் என்ன கட்டுவது என்ற கேள்விக்கு எங்கள் கூட்டங்களில் பெரும்பாலும் இதுதான் பதிலாக வரும்.

தாச்சி என்ற பௌத்தக் கோயிலை ஒட்டிய தைகூ லி கடைவளாகம் வேறு வகை. இரண்டு மூன்று மாடிக்கு மேல் போகாத சாய்வுக்கூரைக் கடைகள், நடக்க இதமான சந்துகள், நடுநடுவே காப்பாற்றி வைத்த பழைய கட்டடங்கள். வேலை நேர்த்தியானது, மறுக்க முடியாது. ஆனால் சந்துக்குள் துணி காயப்போடும் ஒரு வீடுகூட இல்லாத இடத்தைப் பழைய செங்டூ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 ஆகஸ்டில் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது: புதுப்பிக்கும் பகுதியில் கட்டடப் பரப்பில் 20 சதவீதத்துக்கு மேல் இடிக்கக் கூடாது, இடம்பெயர்க்கப்படுபவர்களில் பாதிப் பேருக்காவது அருகிலேயே வீடு தர வேண்டும். அப்புறம் எங்கள் மேசைக்குக் கோபுரங்களைவிடப் பழைய சுவர்களின் விரிசல் படங்களும் வடிகால் வரைபடங்களும் அதிகம் வரத் தொடங்கின. பணம் போடுபவர்கள்தான் முகம் சுளித்தார்கள். இடித்து, உயரக் கட்டி, விற்று முதலை எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். பழைய கட்டடத்தைச் செப்பனிட்டால் வாடகையாகத்தான் திரும்பி வரும், அதுவும் மெல்ல மெல்ல.