கண்ட்ரோல்-ஆர் தெரிந்தால் பாதி வேலை மிச்சம்

கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் பாஷ் ஷெல்லுக்குப் புதியவர்கள் பழைய கட்டளை ஒன்று வேண்டுமென்றால் மேல் அம்புக்குறியை நாற்பது தடவை தட்டுவார்கள். அதற்குப் பதில் கண்ட்ரோல்-ஆர் அழுத்தி, அந்தக் கட்டளையில் நினைவிருக்கும் நாலு எழுத்தை அடியுங்கள். கடைசியாக அந்த எழுத்துகள் வந்த வரி முன்னால் நிற்கும். அது இல்லையென்றால் மறுபடி கண்ட்ரோல்-ஆர். இன்னும் பழையது வரும்.

இங்கே கவனம் தேவை. என்டர் தட்டினால் அந்த வரி உடனே ஓடிவிடும். கோப்பை அழிக்கும் கட்டளையாக இருந்தால் வம்புதான். வலது அம்புக்குறியைத் தட்டினால் ஓடாமல் திருத்தத்துக்கு நிற்கும். கண்ட்ரோல்-ஜி தேடலையே கைவிடும்.

தேடலில் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டால் முன்னே வர கண்ட்ரோல்-எஸ். ஆனால் பல டெர்மினல்களில் (ஷெல் ஓடும் ஜன்னல்களில்) அதை அழுத்தினால் திரை உறைந்துவிடும். ஷெல் செத்துவிட்டது என்று ஜன்னலை மூடாதீர்கள், கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர் வரும். பழைய டெலிடைப் காலத்து 'நிறுத்து, தொடர்' சமிக்ஞைகள் இவை. ஷெல்லின் கைக்கு வருமுன் டெர்மினலே பிடித்துக்கொள்கிறது.

அடித்த கட்டளைகளின் பட்டியலான வரலாற்றைச் சேமிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாஷ் தானாக நினைவில் வைப்பது 500 வரிகள்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் தொடக்க அமைப்பில் அது 1000, வட்டில் உள்ள வரலாற்றுக் கோப்பில் 2000. இதெல்லாம் போதாது, ஒரு லட்சம் வைத்தாலும் வட்டில் சில மெகாபைட்டுக்கு மேல் போகாது. வரலாறு கோப்பில் எழுதப்படுவது ஷெல் மூடும்போதுதான். அதனால்தான் ஒரு டெர்மினலில் அடித்தது, ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்து டெர்மினலில் கிடைப்பதில்லை. உபுண்டுவில் இன்னொரு வசதி: வரியின் முன்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்தால் அது வரலாற்றில் ஏறாது. கடவுச்சொல் கலந்த கட்டளைக்கு உதவும்.

வரிக்குள் நகர கண்ட்ரோல்-ஏ தொடக்கம், கண்ட்ரோல்-ஈ முடிவு. கண்ட்ரோல்-டபிள்யூ முந்தைய இடைவெளி வரை வெட்டும், அதாவது நீளமான கோப்புப் பாதை முழுசாகப் போய்விடும். கடைசித் துண்டு மட்டும் போக வேண்டுமா? ஆல்ட்-பேக்ஸ்பேஸ். வெட்டியது தொலையாது, கண்ட்ரோல்-ஒய் ஒட்டித் தரும். இவை அடிக்கும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் நிரல் நூலகத்தின் வேலை. அதைப் பயன்படுத்தும் மற்ற நிரல்களிலும் இதே விசைகள் எடுபடும்.

நான் அதிகம் பரிந்துரைப்பது ஆல்ட்-புள்ளி. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை அப்படியே கொண்டுவரும். கோப்புறையை உருவாக்கிவிட்டு உள்ளே போக, பெயரை மறுபடி அடிக்க வேண்டாம். திரும்பத் திரும்ப அழுத்தினால் இன்னும் முந்தைய கட்டளைகளின் கடைசிச் சொற்கள் வரும். மேக்கில் ஆப்ஷன் விசை விநோத எழுத்தைத் தந்தால், எஸ்கேப்பைத் தட்டிவிட்டுப் புள்ளியைத் தட்டுங்கள்.

நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவை (sudo) முன்னால் போட மறந்துபோனால் 'சூடோ !!' போதும், முந்தைய வரி முழுவதும் அங்கே வந்து அமரும். இதே ஆச்சரியக்குறிதான் இரட்டை மேற்கோளுக்குள்ளும் வம்பு செய்யும்: கடவுச்சொல்லின் நடுவே அது இருந்தால் ஷெல் அதை வரலாற்றுத் தேடலாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். ஒற்றை மேற்கோள் போட்டால் தொடாது.