முதல் கேமிங் பிசி: கடலோரத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக

பிளஸ் டூ முடித்த தம்பிகள் என்னிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, எந்த கார்டு வாங்கணும்?" கேள்வி சரிதான். கேமிங் பிசிக்கு ஒதுக்குகிற பணத்தில் பெரிய பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் (கேமின் படங்களை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் பாகம்) போகும், போகவும் வேண்டும். ஆனால் குளச்சலிலோ முட்டத்திலோ, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு இருக்கிறவர்கள் கார்டுக்கு இணையாக இன்னொன்றையும் யோசித்தே ஆக வேண்டும். அது கரண்டு. அதற்கு வருவதற்கு முன்னால் நான் எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கியது 2024இல். மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். வீடியோக்களில் '50 ஆயிரம் பில்டு' என்று காட்டுவார்கள். கூர்ந்து பார்த்தால் அதில் மானிட்டரும் இருக்காது, கீபோர்டும் இருக்காது, யுபிஎஸ் பற்றிப் பேச்சே இருக்காது. கணக்குப் போடும்போதே இதையெல்லாம் எழுதிவிடுங்கள். இன்னொன்று, 2025 கடைசியிலிருந்து ராம் (வேலை நடக்கும்போது பிசி பயன்படுத்தும் மெமரி) விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ கம்பெனிகளின் டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போய்க்கொண்டிருப்பதால் நம்மைப் போன்றவர்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், யோசித்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் மானிட்டரிலிருந்து தொடங்கினேன். 24 இன்ச், 1080பி, அதாவது 1920x1080 புள்ளிகள் உள்ள திரை. இந்த முடிவு எடுத்ததுமே பாதிக் குழப்பம் தீர்ந்தது, ஏனென்றால் 1080பிக்கு எந்த கார்டு போதும் என்பதுதான் அடுத்த கேள்வி. நான் எடுத்தது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021இல் வந்த கார்டு. 8 ஜிபி மெமரி, 132 வாட்ஸ் மட்டும் இழுக்கும். அதே விலைக்குப் பக்கத்தில் கிடைத்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050ஐ விட கேமில் இது வேகம். பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்) மாதிரி வேலைகளையும் பார்க்கப் போகிறவர்கள் என்விடியா பக்கம் போவதில் நியாயம் உண்டு, ஆனால் 3050 என்ற பெயரிலேயே 6 ஜிபி ஒன்று, 8 ஜிபி ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. 6 ஜிபி கார்டில் மெமரி மட்டும் குறைவில்லை, உள்ளே கணக்குப் போடுகிற கோர்களும் குறைவு. கடைக்காரர் "ரெண்டும் 3050தான் தம்பி" என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

பிராசசர் ஏஎம்டியின் ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலைகளைப் பார்க்கும்), 65 வாட்ஸ், கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும். இதில் உள்ளுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் 5600ஜி எடுப்பார்கள். அதில் கிராபிக்ஸ் உண்டு. ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான், கார்டு போடும் ஸ்லாட்டும் பிசிஐஇ 3.0 என்ற பழைய வேகத்தில்தான் ஓடும். ஆறு மாதத்தில் கார்டு வாங்க வழி இருக்கிறதென்றால் அந்த ஆறு மாதம் பொறுத்திருந்து 5600 எடுப்பதே நல்லது என்பேன்.

போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் மதர்போர்டு) பி550. புதிய பிராசசர்களுக்கான ஏஎம்5 போர்டும் அதற்கு வேண்டிய டிடிஆர்5 ராமும் அன்றைக்கு என் பட்ஜெட்டைத் தாண்டின, அதனால் முந்தைய ஏஎம்4. ராம் 16 ஜிபி, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் டூயல் சேனல் (இரண்டு வழியில் ஒரே நேரத்தில் டேட்டா போவது) கிடைக்காது, கேமில் அது நன்றாகவே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். அப்புறம் பயாஸுக்குள் (பிசி ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங் திரை) போய் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் 3200 வேக ராம் அதற்குக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நண்பர்களின் பிசியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ என்ற வேகமான வகை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேம் ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும், 500 ஜிபியில் காலம் தள்ள முடியாது.

சரி, இப்போது கரண்டு விஷயம்.

கேபினெட்டோடு சேர்த்து 'இலவசமாக' ஒரு எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கும் பெட்டி) தருவார்கள். மேலே 450 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பிராசசரும் கார்டும் இழுப்பது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். உண்மையான 450 வாட்ஸ் என்றால் அங்கே 36, 37 ஆம்பியர் பக்கம் இருக்க வேண்டும். 16 என்று போட்டிருந்தால் 12ஐயும் 16ஐயும் பெருக்கிப் பாருங்கள், 192 வாட்ஸ். பிராசசரும் கார்டும் மட்டுமே ஏறக்குறைய 200 வாட்ஸ் கேட்கும்போது அது எப்படித் தாங்கும்? கார்டுக்குத் தேவையான 8 பின் ஒயரும் அதில் பெரும்பாலும் இருக்காது. கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். நான் 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை வீணாக்காததற்கான தரச் சான்று), 550 வாட்ஸ் எடுத்தேன். பணம் இடித்தால் கேபினெட்டில் குறையுங்கள், கலர் லைட்டில் குறையுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் கைவைக்காதீர்கள்.

அப்பா வயர்மேன். பார்ட்ஸ் எல்லாம் வந்து இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எர்த்து பாத்தியாலே மக்கா?" மல்டிமீட்டரை பேஸிலும் (கரண்டு வரும் துளை) எர்த்திலும் (நிலத்துக்குப் போகும் துளை) வைத்துக் காட்டினேன், 230 வோல்ட் காட்டியது. அப்பா அதை ஒத்துக்கொள்ளவில்லை. பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு ஒயரையும் பேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்தார். பல்பு சிவந்து மினுங்கியதோடு சரி. மீட்டர் கரண்டை இழுக்கவே இழுக்காது, அதனால் எர்த் மோசமாக இருந்தாலும் முழு வோல்ட் காட்டும். பல்பு அரை ஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும், அப்போது வண்டவாளம் தெரிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். எர்த் குழாயின் கிளாம்ப் உப்புக்காற்றில் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது, செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. அப்பா கிளாம்பையும் கம்பியையும் மாற்றி, குழியில் கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் விட்டார். மறுபடி வைத்தபோது பல்பு பளிச்சென்று எரிந்தது.

இந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டாம், வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபி (கரண்டு எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) போட்ட வீட்டில் பல்பை வைத்ததுமே அது டிரிப் ஆகும், அவருக்கு அது தெரியும். எர்த் இல்லாத பாயிண்ட்டில் பிசியைப் போட்டால் கேபினெட்டைத் தொடும்போது சுரீர் என்று இழுக்கும். ஸ்பைக் கார்டு (திடீர் வோல்டேஜைத் தடுக்கும் பிளக் போர்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லை) வாங்கி மாட்டினாலும், பாய்ந்து வருகிற வோல்டேஜை இறக்கிவிட அதற்கும் எர்த்துதான் வேண்டும்.

அதுவும் நம்மூர் இடிக்கு எந்த ஸ்பைக் கார்டும் முழுப் பாதுகாப்பு தராது. ஐப்பசி கார்த்திகையிலும் சித்திரை வைகாசி மழையிலும் வானம் இருட்டினால் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடத்திலிருந்து வரும் லேன் ஒயரையும் கழற்றுங்கள். ஃபைபர் வழியாக மின்னல் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக ஏறி லேன் ஒயரில் போர்டுக்கு வரலாம்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ (அதன் மேல் எழுதியிருக்கும் அளவு) என்பது ஏறக்குறைய 360 வாட்ஸ். கேம் ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் அது விளிம்பில் நிற்கும், அதனால் நான் 1000 விஏ எடுத்தேன். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்குயர் வேவ் (வீட்டுக் கரண்டு மாதிரி சீராக ஏறி இறங்காத கரண்டு தரும் வகை) என்றால் அதில் பிசியை ஓட்டாதீர்கள்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி அழகுதான். ஏசி இல்லாத அறையில் காற்று போகும் வலை போன்ற மெஷ்தான் நல்லது, ஃபில்டர் கழற்றிக் கழுவுகிற மாதிரி இருக்கட்டும். பழைய கார்டு வாங்குபவர்கள் பின்தகட்டையும் திருகாணிகளையும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டு வைத்து உருவாக்கும் மைனிங் நின்றதற்குப் பிறகு சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியதா என்று பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், உப்பு ஏறிய கார்டை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கே வாங்குவது? சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் விலை குறைவு என்பார்கள், ஆனால் நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் பஸ்ஸில் போய் வரும் தூரம். நாகர்கோவில் கடைகளில் ஐந்நூறோ ஆயிரமோ கூடுதல் சொன்னாலும், ராமும் எஸ்எம்பிஎஸ்ஸும் அங்கேயே வாங்குவதில் ஒரு லாபம் உண்டு, கோளாறு என்றால் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எங்கே வாங்கினாலும் வாரண்டிக்கு பார்ட்டை யார் அனுப்புவது, கூரியர் செலவு யாருடையது என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பார்ட்டின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பில் அந்த வழவழப்பான தெர்மல் தாளில் இருந்தால் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு அனுப்ப வேண்டிவரலாம், அதனால் கார்டு வந்த அட்டைப்பெட்டியை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.