எகொனியாவின் பெயர் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது?

இயேசுவின் வம்சப் பட்டியலாகிய மத்தேயு முதல் அதிகாரத்தில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகிய நால்வரையும் பற்றிப் பிரசங்கங்கள் நிறைய உண்டு. தேவன் வாக்குமாறாதவர் என்பதை நான் அதிகமாகக் காண்பது 11, 12-ம் வசனங்களில் வரும் யூதாவின் ராஜா எகொனியாவிடம்தான். ஆனால் அந்தப் பெயரில் நின்று வாசிப்பவர்கள் குறைவு.

இவனைப் பழைய ஏற்பாட்டில் தேடினால் முதலில் பெயர் குழப்பும். 2 இராஜாக்களில் யோயாக்கீன், எரேமியா 22-ல் கோனியா, 1 நாளாகமம் 3-ல் எகொனியா, மூவரும் ஒருவனே. யோயாக்கீம் என்பவன் இவனுடைய தகப்பன். கடைசி எழுத்தைக் கவனிக்காமல் இருவரையும் ஒருவராக்கிவிட்டால் மேற்கொண்டு எதுவும் பொருந்தாது. அதேபோல மத்தேயுவின் சலாத்தியேலும் சொரொபாபேலும் ஆகாய் புத்தகத்தில் செயல்த்தியேல், செருபாபேல் என்று வருவார்கள்.

எகொனியா 18 வயதில் ராஜாவானான். 3 மாதம்தான் ஆண்டான். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் அவனைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அவனைக் குறித்து எரேமியா 22:24-30 சொல்வது கடுமையான தீர்ப்பு: என் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் உன்னைக் கழற்றி எறிவேன், இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருப்பதில்லை. உன் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று 2 சாமுவேல் 7-ல் தாவீதுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் இதோடு முடிந்தது என்றே அன்று யாரும் நினைத்திருப்பார்கள்.

அப்படியானால் அவனுக்குப் பிள்ளையே இல்லையா? 1 நாளாகமம் 3:17-18 அவனுக்குப் பல குமாரரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பாபிலோனின் அரண்மனையில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளை 1939-ல் எர்ன்ஸ்ட் வைட்னர் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய 5 குமாரருக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு அவற்றில் இருக்கிறது. ஒரு பலகையின் காலம் கி.மு. 592. தாவீதின் வம்சம் சிறையிருப்பில் உயிரோடு இருந்ததற்குச் சிறைப்பிடித்தவனுடைய கணக்கே சாட்சி! ‘சந்தானமற்றவன்’ என்பதன் பொருளை அதே வசனத்தின் பிற்பகுதியே விளக்குகிறது: சிங்காசனத்துக்கு வாரிசு இல்லாதவன்.

பிறகு கி.மு. 520, பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம். ஆகாய் 2:23-ல் கர்த்தர் எகொனியாவின் பேரன் செருபாபேலிடம், உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன், உன்னைத் தெரிந்துகொண்டேன் என்கிறார். தாத்தாவைக் கழற்றி எறிவேன் என்றபோது சொன்ன அதே மோதிரம். இந்த இரண்டு வசனங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வாசியுங்கள். செருபாபேல் யூதாவின் தலைவனானான், ஆலயத்தைக் கட்டினான், ஆனால் ராஜாவாகவில்லை. தீர்ப்பும் நின்றது, வாக்குத்தத்தமும் நின்றது. ஒன்றுக்காக மற்றொன்றை தேவன் கைவிடவில்லை.

செருபாபேலின் தகப்பன் 1 நாளாகமம் 3:19-ல் பெதாயா, மற்ற இடங்களில் செயல்த்தியேல். இறந்த சகோதரனுக்குச் சந்தானம் உண்டாக்கும் உபாகமம் 25-ன் பிரமாணத்தைக் கொண்டு பலர் இதை விளக்குகிறார்கள். பொருத்தமான விளக்கம்தான், ஆனால் வேதம் அப்படி நேரடியாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே போதிக்க வேண்டும்.

மத்தேயு 1:17 பட்டியலை மூன்று பகுதிகளாகப் பிரித்துச் சொல்லும் 14 தலைமுறைகளை எண்ணும்போதும் பலர் தடுமாறுவார்கள். மொத்தப் பெயர்கள் 42 அல்ல, 41. இரண்டாம் பகுதியைச் சாலொமோனில் தொடங்கி எகொனியாவில் முடித்து, மூன்றாம் பகுதியில் எகொனியாவை மறுபடியும் எண்ணினால் 14 வரும். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய 3 ராஜாக்கள் விடப்பட்டிருக்கிறார்கள். யூத வம்ச அட்டவணைகளில் ‘பெற்றான்’ என்பது பேரனையும் கொள்ளுப்பேரனையும் குறிக்கலாம் என்பதால் இது பிழையல்ல.

அபியூத் முதல் மரியாளின் மாமனாராகிய யாக்கோபு வரை 9 பேர். வேதத்தில் வேறெங்கும் இவர்களைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஏறக்குறைய 500 வருஷம், கிரீடமில்லாத இந்த மனிதர்கள் வழியாகத்தான் வாக்குத்தத்தம் வந்து சேர்ந்தது. பெரிய ராஜாக்களின் பகுதியைவிட இந்தப் பகுதி எனக்கு அதிக ஆறுதல் தருகிறது.

16-ம் வசனத்தில் நடை மாறுகிறது. 39 முறை ‘பெற்றான்’ என்று வந்தபின், யோசேப்பைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்லாமல், மரியாளிடத்தில் இயேசு பிறந்தார் என்கிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்ற தகப்பன் அல்ல என்பதால்தான் எகொனியாவின் மேல் வந்த அந்தத் தீர்ப்பு இயேசுவைத் தொடவில்லை என்று சொல்வார்கள். அதுவும் சரியே. ஆனால் ஆகாய் 2:23-ஐ விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால், தள்ளப்பட்ட குடும்பத்தை தேவன் தாமே திரும்பச் சேர்த்துக்கொண்டது மறைந்துபோகும்.

இதே முறையில் அடுத்ததாக, விடப்பட்ட அந்த 3 ராஜாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2 இராஜாக்கள் 8:19-ஐ முதலில் வாசித்து, ராஜவம்சத்தாரைக் கொன்ற அத்தாலியாளிடமிருந்து யோவாஸ் என்ற ஒரே குழந்தை தப்பிய 11-ம் அதிகாரத்துக்கு வாருங்கள்.